கால் மணி நேர அனுஷ்டானம்

ஓட்டத்துக்கு எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் காரை நாள்தோறும் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிட்டால் பாட்டரி கெடாது என்பது, நம் நகரங்களில் கார் வைத்திருப்போர் ஏறக்குறைய அனைவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட ஓர் அபிப்பிராயம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது ஒரு நித்திய அனுஷ்டானமாகவே நடைபெற்று வருகிறது; வெளியூர் செல்லும் உடையவர் சாவியைக் காவலாளியிடமோ டிரைவரிடமோ ஒப்படைத்து, 'தினமும் ஒரு கால் மணி ஓடவிடப்பா' என்று சொல்லிவிட்டால், தம் வாகனத்துக்குச் செய்ய வேண்டிய கடமையெல்லாம் முடிந்துவிட்டதென்ற திருப்தியோடு ரயில் ஏறுகிறார். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு அமலாகிக் கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றபோது, இந்த அபிப்பிராயம் வாய்க்கு வாய் உபதேசமாகப் பரவியது. ஊரடங்கு போயிற்று, உபதேசம் மட்டும் நிலைத்துவிட்டது. இந்த அனுஷ்டானம் பணத்துக்கு நஷ்டம், எஞ்சினுக்குக் கேடு, எந்தப் பாட்டரியின் பெயரால் இது செய்யப்படுகிறதோ அந்தப் பாட்டரிக்கும் சொல்லத்தக்க நன்மை தராதது என்பதே என் துணிபு.

எதிர்க்கட்சியின் வாதத்தை அரைகுறையாக எடுத்துச் சொல்லி அதை எளிதில் வீழ்த்திவிடுவது விவேகிகளுக்கு அழகன்று. பரபக்கத்தைக் குறைவறச் சொல்லிவிட்டுப் பிறகே சுபக்கத்தை நிலைநாட்டுவது நம் சாத்திரகாரர்கள் காட்டிய வழி. எஞ்சின் ஓடினால் பெல்ட் ஓடுகிறது; பெல்ட் ஓடினால் ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது; சுற்றினால் மின்சாரம் பிறக்கிறது; பிறந்ததற்குச் சாட்சியாக டேஷ்போர்டில் பாட்டரி உருவம் பொறித்த சிவப்பு விளக்கு அணைந்துவிடுகிறது; அதிலும் திருப்தியுறாதவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், எஞ்சின் ஓடுமுன் 12 வோல்ட்டைச் சற்றே தாண்டி நின்ற முள் 14 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. பிரத்தியட்சம், அனுமானம் ஆகிய இரு பிரமாணங்களும் இவ்வாறு தம் பக்கம் இருக்கையில் வேறென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் உண்மையே என்பதை நான் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஐட்லிங்கில் சார்ஜே ஏறாது என்று தலையடித்துச் சொல்லும் பழைய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்கள் என் கட்சியினர் அல்லர்.

அந்தப் பழைய மெக்கானிக்குகளின் கூற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு. முற்காலத்து அம்பாஸடரிலும் பியட்டிலும் இருந்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் பாகத்திலேயே ஆகையால், அவ்வளவு மின்சாரத்தையும் கம்யூட்டேட்டர் வழியாகக் கரிக்கட்டைகளை உரசவைத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. மிகுந்த வேகத்தில் சுற்றினால் கம்பிச் சுருள்கள் பிதுங்கிச் சிதறும் அபாயம் இருந்தபடியால், அதை எஞ்சினைக் காட்டிலும் வெகு வேகமாகச் சுற்றவைக்கவும் இயலவில்லை. எனவே எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கிவிடும். உடனே கட்-அவுட் என்னும் ரிலே இரண்டின் தொடர்பையும் அறுத்துவிடும். சிவப்பு விளக்கு மினுக்கும். இரவில் நின்றால் ஹெட்லைட் மங்கும். ஆல்டர்னேட்டரோ இந்த அமைப்பைத் தலைகீழாக்கிற்று. காந்தம் சுழல, மின்சாரம் பிறக்கும் கம்பிச் சுருள் அசையாமல் இருக்க, பிறந்த மாறுதிசை மின்சாரத்தை ஆறு சிலிக்கான் டயோடுகள் நேர்திசையாக்கித் தருகின்றன. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டின் வேலியன்ட் காரில் இதைப் பெருவாரியாகப் பொருத்தி வெளியிட்ட பின்னர், சில ஆண்டுகளுக்குள் டைனமோவின் காலம் அஸ்தமிக்கத் தொடங்கியது. எஞ்சினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றவல்லதாகையால், எஞ்சின் முனகிக்கொண்டு நிற்கும்போதும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. இதுவரை எதிர்க்கட்சியார் சொல்வது சரியே.

ஆனால் மின்சாரம் பிறக்கிறது என்பது ஒன்று. பிறந்தது பாட்டரிக்குப் போய்ச் சேருகிறது என்பது வேறொன்று. போய்ச் சேர்ந்ததைப் பாட்டரி முழுவதும் ஏற்று நிறைகிறது என்பது மூன்றாவது. முதலாவதை நிரூபித்துவிட்டு மற்ற இரண்டையும் நிரூபித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே இந்த அபிப்பிராயத்தின் மூலக் குற்றம்.

இரண்டாவதை முதலில் பரீட்சிப்போம். ஒரு சிறிய காரின் ஆல்டர்னேட்டரில் 70 ஆம்பியர் என்று பொறித்திருந்தால், அந்த எண், அதன் தண்டு நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது, அதுவும் வெப்பம் மிகாத சோதனைச் சாலையில், கிடைக்கும் அளவைக் குறிப்பதாகும். எஞ்சின் ஐட்லிங்கில் நிமிஷத்துக்கு 750 சுற்று ஓடுகையில், புல்லிகளின் விகிதம் இரண்டரை என்று கொண்டால், ஆல்டர்னேட்டர் 1900 சுற்றையும் எட்டுவதில்லை. அந்த வேகத்தில் பொறித்த அளவில் மூன்றிலொரு பங்கோ, மிஞ்சினால் பாதியோதான் கிடைக்கும். இதன்மேல், பானட்டுக்குள் அடைபட்ட சூட்டில் செப்புக் கம்பியின் தடை ஏறி, கிடைப்பதும் குறையும். எழுபது என்று எழுதிய யந்திரத்திடமிருந்து முப்பது வந்தால் நாம் மகிழ வேண்டும்.

வந்த முப்பதும் பாட்டரிக்கு உரியதன்று. ஆல்டர்னேட்டரின் விளைச்சலில் முதல் பாத்தியதை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கே உரியது: பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர்கள், இக்னிஷன் காயில், இவற்றையெல்லாம் ஆளும் கம்ப்யூட்டர் ஆகிய யாவும் சேர்ந்து பத்து ஆம்பியருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கின்றன. நின்ற வண்டிக்கு எதிர்க்காற்று இல்லையாகையால், சற்று நேரத்தில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்தைக் கொண்டுபோகிறது. ஏசியைப் போட்டுவிட்டாலோ, அந்த விசிறி ஓய்வதே அரிதாகி, காற்றை உள்ளே தள்ளும் புளோயருக்குப் பத்தும், கம்பிரஸர் கிளட்சுக்கு மூன்று நான்கும் கூடுகின்றன. ஹெட்லைட் எரிந்தால், இரண்டு 55 வாட் விளக்குக்கு மாத்திரம் எட்டு ஆம்பியர். இவற்றைக் கூட்டிப் பார்ப்பவர், வரவு முப்பதாகவும் செலவு நாற்பத்தைந்தாகவும் இருப்பதைக் காண்பார். குறையும் பதினைந்து வேறெங்கிருந்தும் வருவதில்லை, பாட்டரியிலிருந்தே வருகிறது. ஆகவே, 'வண்டியைச் சார்ஜ் ஏற்றுகிறேன்' என்று சொல்லி, மாலை வேளையில் விளக்கும் ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர், தாம் நிரப்புவதாக எண்ணும் பாத்திரத்திலிருந்தே மொண்டுகொண்டிருக்கிறார். அந்த நேரத்திலும் சிவப்பு விளக்கு எரியாது. ஏனெனில் ஆல்டர்னேட்டர் உயிரோடிருக்கிறதா இல்லையா என்பதை மாத்திரமே அது சொல்லுமேயன்றி, பாட்டரி நிறைகிறதா வடிகிறதா என்று சொல்லும் சக்தி அதற்கு இல்லை.

'எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடுகிறோம். அப்போது பத்துப் பதினைந்து ஆம்பியர் மிஞ்சுமல்லவா?' என்று எதிர்க்கட்சியார் கேட்பர். மிஞ்சும். இப்போது மூன்றாவது படிக்கு வருவோம். பிரான்ஸ் தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்துகாட்டிய ஈயப் பாட்டரியின் சுபாவம் இன்றும் மாறிவிடவில்லை. மின்சாரத்தை வெளியே தரும்போது அதன் இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. ஏற்றும்போது அந்த சல்பேட் கரைந்து பழைய நிலைக்கு மீள்கிறது. மீளும் வேலை தொடக்கத்தில் விரைவாகவும், முடிவை நெருங்க நெருங்க மிக மெதுவாகவும் நடப்பது ரசாயனத்தின் நியதி. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர், திராவகத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து போய்விடாதிருக்கும் பொருட்டு, அழுத்தத்தைப் பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டியே நிறுத்திவிடுகிறது. பாட்டரி நிறைய நிறைய அதன் எதிரழுத்தமும் ஏறுவதால், உட்புகும் மின்சாரம் தானே சுருங்கிவிடுகிறது. கடைசி ஐந்திலொரு பங்கு நிறைவதற்குப் பல மணி நேரம் செல்லும். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டரானாலும் 150 ஆம்பியர் ஆனாலும் அந்த நேரம் குறையாது.

இதிலிருந்து ஓர் இருதலைக் கோள் பிறக்கிறது. பாட்டரி ஏறக்குறைய நிறைந்திருக்குமாயின், அது இரண்டு மூன்று ஆம்பியருக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. கால் மணியில் ஏறுவது ஓர் ஆம்பியர்-மணிகூட ஆகாது. அதற்கு இந்த அனுஷ்டானம் அவசியமே இல்லை. பாட்டரி பாதி காலியாயிருக்குமாயின், 45 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இருபதுக்கு மேல் குறை இருக்க, கால் மணியில் மூன்றோ நாலோ ஏறும். அதற்கு இந்த அனுஷ்டானம் போதாது. நாள்தோறும் விடாமல் செய்தால் வாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடாதா என்று கணக்கறிந்தவர் கேட்கலாம். ஏறும், ஆனால் அங்கேயே நின்றுவிடும். எஞ்சிய பங்குக்கு வேண்டியது தொடர்ந்த பல மணி நேரமாக இருக்க, நாம் கொடுப்பதோ துண்டு துண்டான கால் மணிகள். அந்த எஞ்சிய பங்கில் கரையாமல் கிடக்கும் சல்பேட் நாளடைவில் கெட்டிப்பட்டு, பின்னர் எந்தச் சார்ஜுக்கும் கரையாத பளிங்காகிவிடுகிறது. ஈயப் பாட்டரிகளின் அகால மரணத்துக்குப் பிரதான காரணங்களுள் ஒன்று இதுவே. பாட்டரியை நித்தியமும் அரைவயிற்றில் வைத்திருக்கும் ஒரு முறையை அதன் ஆரோக்கியத்துக்கான உபாயமென்று சொல்வது, நோயை மருந்தென்று சொல்வதாகும்.

இதே தவற்றின் மறுமுகமாக இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது. ஒவ்வொரு முறை செல்ஃப் எடுக்கும்போதும் பாட்டரி பெரிதும் வடிந்துவிடுகிறது, அதை ஈடுகட்டவே வெகு நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்பது அது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150, 200 ஆம்பியர் இழுப்பது மெய்தான். ஆயினும் அது இழுப்பது ஓரிரு விநாடிகளே. 200 ஆம்பியரை இரண்டு விநாடி இழுத்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் ஒன்பதில் ஒரு பங்கு. நல்ல நிலையிலுள்ள வண்டியில் ஓரிரு நிமிஷ ஓட்டம் அதை மீட்டுவிடும். 2020 அக்டோபரில் தில்லி அரசு, சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடும்படி மக்களைக் கேட்டு ஓர் இயக்கம் நடத்திற்று. சென்னைச் சிக்னல்களில் அவ்வாறு அணைக்கத் தயங்குவோர் கூறும் காரணங்களில் இந்தப் பாட்டரிப் பயமும் ஒன்று. உண்மையில் நிற்கும் வண்டியின் பாட்டரியைத் தின்பது செல்ஃப் அன்று. பூட்டிய பின்னும் விழித்திருக்கும் கம்ப்யூட்டர், திருட்டு எச்சரிக்கை, சாவியின் சைகையை எதிர்பார்க்கும் ரிஸீவர் முதலிய சில்லறைச் செலவினங்களே. அவை சேர்ந்து 30 மில்லியாம்பியர் எடுத்தாலும், நாளொன்றுக்கு முக்கால் ஆம்பியர்-மணி, மாதத்துக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. அதாவது ஒரு சிறிய காரின் பாட்டரியில் பாதி.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு 600 முதல் 800 மில்லிலிட்டர் வரை குடிக்கும். நாளொன்றுக்குக் கால் மணி வீதம் மாதத்துக்கு ஏழரை மணி நேரம். அதற்குச் சுமார் ஐந்து லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் இந்நாளில் ஐந்நூறு ரூபாய். இதற்கு ஈடாகப் பாட்டரிக்குள் சென்றதை, எதிர்க்கட்சியாருக்குச் சாதகமாகவே நாளுக்கு மூன்று ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டாலும், மாதம் முழுவதற்கும் வீட்டு மீட்டரின் கணக்கில் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். அதையே வீட்டுப் பிளக்கில் சார்ஜர் வைத்து ஏற்றினால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்; இங்கே சுமைகூலி சரக்கின் விலையைப்போல் இருபத்தைந்து மடங்கு.

பணத்தோடு போவதானால் சகித்துக்கொள்ளலாம். குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே ஊட்டுகிறது. எரியாமல் எஞ்சும் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. எரிதலில் பிறக்கும் நீராவி, முழுச் சூட்டை எட்டாத சைலன்ஸருக்குள் நீராகத் தேங்கித் துருவை வளர்க்கிறது. ஓடும் சாலையில் எஞ்சின் நன்கு சூடேறும்போது இந்தப் பெட்ரோலும் நீரும் ஆவியாகிப் போய்விடும். கால் மணி ஐட்லிங்கில் அந்தச் சூடு வருமுன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். புகைக்கரியை வடிகட்டும் ஃபில்டர் பொருத்திய டீசல் வண்டிகளில், அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் சூடு கிட்டாமல் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. பாட்டரி அறவே இறங்கிப்போய், இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்தபின் ஐட்லிங்கிலேயே அதை மீட்க நினைப்பது, ஆல்டர்னேட்டருக்கும் தண்டனையாகும். தன் முழுச் சக்தியையும் தரும்படி நிர்ப்பந்திக்கப்படும் அந்த நேரத்தில், அதைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே பொருந்தியதாகையால் மெதுவாகவே சுழல்கிறது. இவை எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, காற்றோட்டமற்ற ஷெட்டிலும் தரையடி நிறுத்துமிடத்திலும் தேங்கினால் உயிரைக் கொல்லும். அத்தகைய இடத்தில் காவலாளியை உட்காரவைத்துக் கால் மணி எஞ்சினை ஓட்டச் சொல்பவர், பாட்டரியைக் காக்கும் பொருட்டு ஒரு மனிதரைப் பணயம் வைக்கிறார்.

எஞ்சியிருப்பது அநுபவத்தைச் சான்றாகக் காட்டும் வாதம். 'நான் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன். என் பாட்டரி நான்கு வருஷம் உழைத்தது' என்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்றால் காக்கையின் பாரத்தால் விழுந்ததென்று கொள்ளலாகாது. நம் தார்க்கிகர்கள் இதைக் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டே எச்சரித்திருக்கிறார்கள். அந்த நான்கு வருஷத்தில் அவர் காரைச் சாலையில் ஓட்டாமலா இருந்தார்? வாரக் கடைசியில் செங்கல்பட்டுக்கோ காஞ்சீபுரத்துக்கோ போய்வந்த ஓட்டம் பாட்டரியை நிரப்பிற்று. புகழ் கால் மணி அனுஷ்டானத்துக்குப் போயிற்று. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2000 சுற்றில் பிடித்துக்கொண்டால் குறை தீராதா என்போரும் உளர். அப்போது ஆல்டர்னேட்டர் அதிகம் தரும் என்பது உண்மையே. ஆனால் நிறைவை நெருங்கிய பாட்டரி வாங்கிக்கொள்ளும் வேகம் அதனால் கூடுவதில்லை, பெட்ரோல் செலவு கூடுகிறது. தவிர, இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே பாட்டரியின் நிலையை அளந்து, எப்போது ஏற்றுவது, எப்போது எஞ்சினின் சுமையைக் குறைப்பது என்று தீர்மானிக்கிறது. அவற்றில் ஐட்லிங் நேரத்து மின்னேற்றம் நாம் நினைத்தபடி நடப்பதே இல்லை.

மறுப்பதோடு நின்றுவிடுவது முறையாகாது. என்ன செய்யலாம் என்பதும் சொல்லப்பட வேண்டும். ஊரில் இருப்பவர் வாரத்துக்கு ஒருமுறையேனும் முப்பது நாற்பது நிமிஷம், கூடுமானால் பகலில், நெரிசலற்ற சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிவர வேண்டும். பாட்டரியோடு டயரும் பிரேக்கும் ஆயிலும் அதனால் பயனடையும். மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர், வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொண்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கிவைக்க வேண்டும். கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் மறந்துபோகலாம், ஆனால் மேலே சொன்ன 22 ஆம்பியர்-மணிக் கசிவு அடியோடு நின்று, பாட்டரியின் இயல்பான சிறு கசிவே எஞ்சும். பிளக் வசதி உள்ளவர்கள், நிறைந்ததும் தானே ஒடுங்கிக்கொள்ளும் சிறு சார்ஜரை மாட்டிவைக்கலாம். இறங்கிப்போன பாட்டரியைக் கடையில் கொடுத்து இரவு முழுவதும் மெதுவாக ஏற்றச் சொல்வதே அதற்குரிய சிகிச்சை. பாட்டரியின் நிலையை அறிய விரும்புவோர், எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழிந்த பின்னரே மல்டிமீட்டரை வைக்க வேண்டும்: 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி. எஞ்சின் ஓடும்போது தெரியும் 14 ஆல்டர்னேட்டரின் எண்ணேயன்றிப் பாட்டரியின் எண் அன்று.

ஐட்லிங்கில் மின்சாரம் பிறக்கும். ஆனால் ஐட்லிங் மின்னேற்றும் முறையாகாது. நம் ஊர்களில் நாள்தோறும் வாகன நிறுத்துமிடங்களில் முனகி நிற்கும் எஞ்சின்களால் எந்தப் பாட்டரியும் நிறையவில்லை. பெட்ரோல் பங்குகளின் கல்லாவே நிறைகிறது. ஆகையால், கார் உடையவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: காவலாளியிடம் சாவியைக் கொடுத்து இந்த அனுஷ்டானத்தை நடத்தச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். வண்டியை ஓட்டுங்கள், ஓட்ட இயலாதெனில் டெர்மினலைக் கழற்றிவையுங்கள், அதுவும் இயலாதெனில் வீட்டு மின்சாரத்தில் ஏற்றுங்கள். நான்காவது வழி கிடையாது.